கிள்ளான் வேலைநிறுத்தமும் ‘தீவிரவாதி’ என்னும் பட்டமும்

மனிதர்க்கு வரலாறு இருப்பதுபோலச் சொற்களுக்கும் வரலாறு உண்டு. ‘தீவிரவாதி’ என்னும் சொல் அத்தகையது. 1907ஆம் ஆண்டு டிசம்பரில் சூரத்து நகரில் கூடிய காங்கிரசு மாநாடு இரண்டாகப் பிளந்தபோது, ஒரு சாராரை மிதவாதிகள் என்றும், திலகரைப் பின்பற்றிய மறு சாராரைத் தீவிரவாதிகள் என்றும் உலகம் அழைத்தது. அந்நாளில் அச்சொல்லைத் திலகர் பக்கத்தார் இழிவாகக் கொள்ளவில்லை, பெருமையாகவே சூடிக்கொண்டனர். ஆயினும் ஆளுவோர் வாயில் அதே சொல் வேறு பொருள் பெற்றது. வ. உ. சிதம்பரனார் 1908இல் சிறைக்குச் சென்றார். அதே ஆண்டில் பாரதியாரின் ‘இந்தியா’ ஏடு சென்னையை விட்டுப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போக நேர்ந்தது. அரசியல் கருத்துக்கு இட்ட பெயர் குற்றத்தின் பெயராகவும், அதனை அச்சிடும் ஏடு குற்றக் கருவியாகவும் கருதப்பட்ட காலம் அது.

இச்சொல் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது. வந்து, கிள்ளான் வட்டாரத்துப் பால்மரக் காடுகளில் 1941ஆம் ஆண்டு அது செய்த வேலை மலாயாத் தமிழர் வரலாற்றில் மறக்கத்தக்கதன்று. தோட்டக் கூலிகள் எனப்பட்டோர் முதன்முறையாகப் பெருந்திரளாக எழுந்து நின்ற நிகழ்ச்சி அது. அதன் நடுவில் ஒரு தமிழ்ச் செய்தியாளர் நின்றார். அவர் பெயர் ஆர். எச். நாதன். கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த ‘தமிழ் நேசன்’ ஏட்டின் ஆசிரியர் குழுவில் பணிபுரிந்தவர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை நடத்தியவர்.

ஒரு செய்தித்தாள் தோட்டத்து லயங்களில் ஆற்றல் பெறவேண்டுமானால் அங்கே படிக்கத் தெரிந்தவர் இருத்தல் வேண்டும். அப்படிப்பட்டவரை உண்டாக்கியவர் யார்? விந்தை என்னவெனில், அரசாங்கமும் தோட்ட நிருவாகமுமே. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்கவேண்டும் என்று விதித்தது. பல தோட்டங்களில் அப்பள்ளி வெறும் கொட்டகை. கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் உண்டு. அக்கல்வி ஆனா ஆவன்னாவைத் தாண்டி நெடுந்தொலைவு போகவில்லை என்று குறை கூறுவோர் கூறலாம். குறை உண்மையே. எனினும் 1923இல் ஏழு வயதாக இருந்த சிறுவனுக்கு 1941இல் இருபத்தைந்து வயது! வெட்டுக்காட்டில் உளி பிடித்த அவன் கைக்குத் தமிழ்த் தாள் ஒன்று கிடைத்தால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவான். படிக்கத் தெரியாதவர் சுற்றி அமர்ந்து கேட்பர். ஒரு தாள் ஒரு லயத்துக்கே போதும்.

சட்டம் பிறந்த மறு ஆண்டிலேயே, 1924 செப்டம்பரில், நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ ஏட்டைத் தொடங்கினார். பதினொரு ஆண்டு கழித்துச் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ ஒலித்தது. இவ்விரண்டு ஏடுகளும் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு வளரவில்லை என்பதும் சொல்லத்தக்கது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்தபோது வைதிகர் பக்கத்திலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. அவரை அரசாங்கம் நுழையவிடலாகாது என்ற குரலும் கேட்டது. ‘தமிழ் நேசன்’ அன்று எதிர்ப்புப் பக்கமே நின்றது. கருத்து மாறுபட்டவனைக் கருத்தால் எதிர்ப்பது ஒன்று. அவனைக் கரையிலேயே தடுத்துவிடுமாறு காவல்காரனை அழைப்பது வேறொன்று. தமிழர்க்குள்ளேயே இப்பழக்கம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பன்னிரண்டு ஆண்டுக்குள் அதே ஏட்டைச் சேர்ந்த ஒருவரை அதே காவல்காரன் கப்பலேற்றினான்.

இனி, 1941ஆம் ஆண்டின் நிலைமையைக் காண்போம். 1937இல் சீனிவாச சாஸ்திரியார் மலாயாத் தொழிலாளர் நிலைபற்றி அறிக்கை அளித்தார். அதே ஆண்டு சவகர்லால் நேரு மலாயாவைச் சுற்றிப் பார்த்தார். தோட்டத் தொழிலாளர் அவரைக் காணத் திரண்டனர். 1938இல் இரப்பர் விலை சரிந்ததைக் காட்டித் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். இந்திய அரசாங்கம் சினங்கொண்டு, அவ்வாண்டு ஜூன் மாதம் உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்திவிட்டது. பிறகு போர் வந்தது. இரப்பர் விலை ஏறியது. அமெரிக்க டாலரைப் பிரிட்டனுக்கு ஈட்டித் தந்த பொருள்களுள் மலாயா இரப்பர் தலையாயது. அரிசி விலையும் ஏறியது. ஏறாமல் நின்றது தமிழ்த் தொழிலாளியின் கூலிதான். ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 50 காசு அளவில் அது கிடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்த சீனத் தொழிலாளி அதைவிட மிகுதியாகப் பெற்றான். ஒரே மரம், ஒரே பால், இருவகைக் கூலி.

1941 தொடக்கத்தில் கிள்ளான் சுற்றுவட்டாரத்தில் வேலைநிறுத்தங்கள் தோன்றின. ஏப்ரலுக்குள் பல தோட்டங்கள் சிறு உயர்வு தந்தன. தொழிலாளரும் வேலைக்குத் திரும்பினர். கூலி ஒன்றே நோயாக இருந்திருப்பின் அதோடு முடிந்திருக்கும். முடியவில்லை. தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளைப் படிப்போர் அதற்குரிய காரணத்தை எளிதில் உணர்வர். சீனர்க்கு ஒப்பான கூலி வேண்டும், பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழியவேண்டும், கொடுமை செய்யும் கிராணிகளை நீக்கித் தமிழ் பேசுவோரை அமர்த்தவேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்கவேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வியும், நோயாளிக்கு ஒழுங்கான மருத்துவமும் வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போகவேண்டும், பேசவும் கூடவும் சங்கம் வைக்கவும் உரிமை வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பது அது.

இந்தச் சைக்கிள் கோரிக்கையைச் சிலர் அற்பம் என்று நினைப்பர். அற்பமன்று. சைக்கிள் வாங்கும் அளவுக்குக் காசு சேர்த்த தொழிலாளி, அதன்மேல் அமர்ந்து தோட்டத்துச் செம்மண் சாலையில் செல்கிறான்; எதிரே துரையின் மோட்டார் வருகிறது; அவன் இறங்கி, ஓரமாக நின்று, வண்டி கடந்தபின் மீண்டும் ஏறவேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அவ்விதி இல்லை. தோட்டத்து வழக்கம் என்பதே சட்டம். காந்திக் குல்லாய் அணிவதும் இத்தகையதே. பெரட்டுக் களத்தில் தலைப்பாகையைத் தலையில் வைத்து நின்றவன் ஒருநாள் வெள்ளைக் குல்லாயோடு வந்து நின்றால், அது கூலியைப் பற்றிய பேச்சன்று என்பதை நிருவாகம் உடனே புரிந்துகொண்டது. அதனால்தான் ஐந்து காசு கொடுப்பதற்கு இசைந்தவர்கள் சைக்கிளுக்கு இசையவில்லை.

தோட்டம் தனியார் நிலம். வெளியார் உள்ளே நுழைந்தால் அத்துமீறல். ஆதலின் சங்கத்தார் தொழிலாளரைக் காண்பதே அரிது. 1940இல் தொழிற்சங்கச் சட்டம் ஒன்று கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் இயற்றப்பட்டிருந்தும், தோட்டத் தொழிலாளர்க்கு அதனால் வழி திறக்கவில்லை. மனிதன் நுழைய முடியாத வேலிக்குள் தாள் நுழைந்தது. நிருவாகத்தார் தமிழ் ஏட்டின்பால் கொண்ட அச்சத்துக்கு வேர் இதுவே. தொழில் இலாகா அதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாததால் வந்த மயக்கம் அது என்று கருதிவிட வேண்டா. அவ்விலாகாவின் ஆங்கில அதிகாரிகள் தென்னாட்டுக்குச் சென்று தமிழ் பயின்று வந்தவர்கள். அவர்கள் ஏட்டைப் படிக்க வல்லவர். ஆனால் அதில் உள்ளதைச் செய்தியாகப் படிக்கவில்லை, தூண்டுதலாகவே படித்தனர். கூலி குறைவு என்று தாள் எழுதினால், கூலி குறைவா என்று பார்ப்பது ஒரு முறை. எழுதியவன் யார் என்று பார்ப்பது மற்றொரு முறை. சிலாங்கூர் ஆட்சியாளர் தேர்ந்தது பின்னதை.

அரசனுக்கு ஒற்றும் நூலும் இரு கண்கள் என்று வள்ளுவர் வகுத்தார். ஒற்றுக் கண் மட்டும் திறந்து, மற்றக் கண் மூடியிருந்தால் என்ன காண முடியும்? தொழிலாளர் எழுச்சி முழுதும் வெளியிலிருந்து வந்த கிளர்ச்சிக்காரரின் வேலை, அதன் பின்னே இந்தியக் காங்கிரசின் பிரிட்டிஷ் எதிர்ப்பு இருக்கிறது என்பதே ஆளுநர் சர் சென்ட்டன் தாமசு கொண்ட முடிபு. 1937 மார்ச்சில் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தைச் சீனத் தொழிலாளர் தம் வயப்படுத்திக்கொண்ட நினைவும் ஆட்சியாளர் நெஞ்சில் ஆறாமல் இருந்தது.

1936இல் தோன்றிய மலாயா மத்திய இந்தியர் சங்கத்தையும் அவர்கள் ஐயத்தோடே நோக்கினர். அச்சங்கத்தின் தலைவர்கள் வழக்கறிஞரும் வணிகரும் படித்த உத்தியோகத்தருமாவர். 1941இல் தலைமை ஏற்றிருந்த என். இராகவன் பினாங்கு வழக்கறிஞர். பேச்சு நடத்தித் தீர்க்கவேண்டும் என்பவர். கோலாலம்பூரிலும் பிரிக்பீல்ட்ஸ் போன்ற இரயில்வே உத்தியோகத்தர் பகுதிகளிலும் வாழ்ந்த ஆங்கிலம் கற்ற இந்தியர்க்கும் இலங்கைத் தமிழர்க்கும், இருபது மைலுக்கு அப்பால் பால்வாளி சுமந்தவர்க்கும் இடையே தொலைவு மைற்கணக்கில் அடங்குவதன்று. அவர்கள் காலையில் பிரித்தது ஆங்கில நாளேடு; இவர்கள் மாலையில் கேட்டது தமிழ் ஏடு. ஒரே ஊர்ச் செய்தி இரண்டு உலகங்களின் செய்தியாயிற்று. நாதன் அந்த இடைவெளியைத் தாண்டிப் போனார் என்பதே அவர் செய்த பெரும் பிழை, ஆளுவோர் கணக்கில்.

மே மாதம் 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை வெளியேற்ற ஆணை பிறந்தது. நீதிமன்ற வழக்கு இல்லை; சாட்சி விசாரணை இல்லை; நாடு கடத்தும் சட்டத்துக்கு அவை தேவைப்படவில்லை. அரசாங்கம் எதிர்பார்த்தது, தலை போனால் உடல் அடங்கும் என்பது. நடந்தது வேறு. கைது நடந்தவுடன் வேலைநிறுத்தம் மீண்டும் மூண்டது. கிள்ளானில் தொழிலாளர் திரண்டு அவரை விடுவிக்கக் கோரினர். நாள்தோறும் தோட்டம் தோட்டமாகச் சிலாங்கூர் முழுதும் பரவியது. நெகிரி செம்பிலானையும் எட்டியது. முன்பு கூலிக்காக நின்ற வேலை இப்போது ஒரு மனிதருக்காக நின்றது.

மே 16ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் மாண்டனர் என்பது ஆய்வாளர் பலரும் தரும் கணக்கு. காயமுற்றோர் அறுபதுக்கு மேற்பட்டவர். சிறைப்பட்டோர் முந்நூற்றுவர் அளவினர். அவருள் சிலர் நாடு கடத்தப்பட்டனர். வேறு சிலர் தாமே விரும்பித் தாயகம் திரும்பியதாக எழுதப்பட்டது. ‘தாமே விரும்பி’ என்னும் தொடரின் பொருளைச் சிறைக் கம்பிக்குள் இருந்தவரே அறிவர். மாத இறுதிக்குள் தோட்டங்களில் அமைதி திரும்பியது என்று அறிக்கைகள் கூறின.

தொழிலாளர் பக்கத்தில் குற்றமே இல்லை என்று எழுதுவது வரலாறு ஆகாது. கள் குடிப்பதை நிறுத்தவேண்டும் என்று எழுந்த இயக்கம் நல்லது. ஆனால் நிறுத்தாதவர்களைச் சங்கத் தொண்டர்கள் அச்சுறுத்தியதும், உத்தியோகத்தர் சிலர் தாக்கப்பட்டதும் அரசு தரப்புக் குறிப்புகளில் உள. அவை பகைவர் எழுதியவை என்பதனாலேயே பொய்யென்று ஒதுக்கிவிட இயலாது. கிராணிமாருள் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும் மிகுதி. அவர்களுட் பலர் கொடியவராக நடந்துகொண்டது உண்மை. எனினும் கொடுமையை நீக்குக என்ற கோரிக்கை, சில வாய்களில் இன்ன ஊரானை நீக்குக என்று மாறியிருத்தல் கூடும். அந்த வழுக்கலான இடத்தில் கால் வைத்தபின் நிற்பது கடினம். ஆயினும் இருபக்கக் குற்றத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையன்று. ஒரு பக்கத்தில் தடி இருந்தது. மறுபக்கத்தில் துப்பாக்கி, நீதிமன்றம், கப்பல், அறிக்கை எழுதும் பேனா ஆகிய நான்கும் இருந்தன.

பேனாவைத் தனியே சொல்லவேண்டும். என்ன நடந்தது என்று வெளிப்படையான விசாரணை வேண்டும் என இந்திய அரசாங்கம் கேட்டது. விசாரணைக் குழு அமையவில்லை. அதனால் இருவேறு கதைகள் என்றும் ஒன்றுகூடாமல் நின்றுவிட்டன. லயத்தில் இருந்தவன் ஆங்கில நாளேட்டையும் அரசு அறிக்கையையும் நம்பவில்லை. பங்களாவில் இருந்தவன் தமிழ் ஏட்டை நம்பவில்லை. யார் சுட்டார், எப்போது சுட்டார், சுடுவதற்கு முன் என்ன நேர்ந்தது என்பதை இருசாராரும் ஒப்புக்கொள்ளும் வகையில் கூறக்கூடிய ஒருவரும் நியமிக்கப்படவில்லை. செய்தியின்மேல் நம்பிக்கை போன இடத்தில் வதந்தி குடியேறும். அடுத்த பத்தாண்டுக்கு மலாயாவில் அதற்கு வேலை மிகுதியாக இருந்தது.

ஏழு மாதத்தில் சப்பானியர் வந்துவிட்டனர். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. நாதனை நாடு கடத்திய ஆட்சியின் தலைவர் சென்ட்டன் தாமசு, சிங்கப்பூர் வீழ்ந்தபின் தாமே கைதியானார். மிதவாதி எனப்பட்ட இராகவன் நேதாஜியின் தற்காலிக அரசாங்கத்தில் நிதியமைச்சரானார். விடுதலைக்குப் பின் சீனாவுக்கு இந்தியத் தூதராகவும் சென்றார். பட்டங்கள் எவ்வளவு நிலையற்றவை!

போருக்குப் பிந்திய கதையைச் சுருக்கமாகக் கூறலாம். 1948 ஜூனில் நாடெங்கும் அவசரகாலம் வந்தது. அச்சகங்களுக்கும் நிந்தனைக்கும் உரிய சட்டங்கள் அவ்வாண்டே இறுக்கப்பட்டன. ஆட்சியார் கம்யூனிஸ்டுப் போராளிகளை முதலில் ‘கொள்ளைக்காரர்’ என்றனர். 1952இல் அதனை மாற்றிக் ‘கம்யூனிஸ்டுப் பயங்கரவாதிகள்’ என்று எழுத ஆணையிட்டனர். மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராயிருந்த எசு. ஏ. கணபதி, ரவாங்கு அருகே துப்பாக்கியுடன் பிடிபட்டு, 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேருவின் அரசாங்கம் உயிர்ப்பிச்சை கேட்டும் பயனில்லை. மறுபக்கத்தில் காட்டில் இருந்தவர்களும் பொறுமை காட்டவில்லை. தம் சொல் கேளாத தொழிலாளரின் அடையாள அட்டையைப் பறித்தனர், பால்மரங்களை வெட்டினர், கங்காணிகளையும் தொழிலாளரையும் கொன்றனர். இருபக்க வெருட்டலுக்கு நடுவே பேசாமல் இருப்பதே தோட்டத் தமிழனுக்குப் பாதுகாப்பு என்றாயிற்று. 1941இல் உரக்கப் பேசியவனின் தம்பி 1951இல் வாய் திறக்கவில்லை. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் ஒன்றுபட்டு அமைந்தபோது, சட்டத்துக்கு உட்பட்ட மிதமான வழியை அது தேர்ந்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம் எனலாம்.

விடுதலை பெற்ற நாட்டிலும் ஏட்டின்மேல் ஐயம் அகன்றுவிடவில்லை. 1969 மே 13ஆம் நாள் கலவரத்தை அடுத்து நாளேடுகள் சில நாள் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்நாளில் கோலாலம்பூரில் வதந்தியே நாளேடு. 1984இல் அச்சக, வெளியீட்டுச் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. 1987 அக்டோபரில் ஆங்கிலம், சீனம், மலாய் மொழிகளில் ஒவ்வோர் ஏடு உரிமம் இழந்தது. 2007 ஆகஸ்டில் ‘மக்கள் ஓசை’ தமிழ் நாளேடு, ஏசுநாதர் படம் ஒன்றை முறைகேடாக வெளியிட்டதற்காக ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. இங்கே ஏட்டின்மேல் தவறு இருந்தது. கிறித்தவர் மனம் புண்பட்டது. ஏடு வருத்தமும் தெரிவித்தது. அவ்வளவில் விட்டிருக்கலாகாதா என்பது வேறு வினா. அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூர் வீதிகளில் இந்தியர் பல்லாயிரவர் திரண்டபோது, தலைவர்கள் மீண்டும் தீவிரவாதிகள் எனப்பட்டனர். டிசம்பரில் ஐவர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். சூரத்தில் பிறந்த சொல் நூறாண்டு நிறைவைக் கோலாலம்பூரில் கொண்டாடியது என்று சொன்னால் மிகையாகாது.

நாதன் பணிபுரிந்த ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுவிட்டது. கிள்ளான் எழுச்சியைப் பற்றி எழுதிய கம்பா, ஸ்டென்சன் போன்ற ஆராய்ச்சியாளர்கள் பெரிதும் ஆங்கிலக் கோப்புகளைக் கொண்டே எழுதினர். தோட்டத்தார் வாய்மொழி அவற்றில் அருகியே வருகிறது. வேலைநிறுத்தம் நடந்த மண்ணில் இன்று பால்மரம் காண்பது அரிது. செம்பனையும், அதற்குப் பின் வீடமைப்புத் திட்டமும் வந்துவிட்டன. ஹைலண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஜாலான் ஆக்கோப் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று தோட்டப் பெயரைத் தாங்கிய பள்ளிகள் அவ்வட்டாரத்தில் நிற்கின்றன. 1941இல் பத்து வயதாக இருந்து, குல்லாய் அணிந்த தந்தையைப் பெரட்டுக் களத்தில் கண்ட சிறுவனுக்கு இப்போது வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அப்படிப்பட்டவர் ஓரிருவராவது கிள்ளானிலும் காப்பாரிலும் இன்னும் இருக்கக்கூடும். அவர்களுடைய கொள்ளுப் பேரர்கள் அப்பள்ளிகளின் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கவும் கூடும்.